கயிறு கட்டும் முன் அந்த டீ டம்ளரைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் மூன்று மாதம் சாராயத்தைத் தொடவே மாட்டார், தொட்டால் எட்டு நாள் விடமாட்டார். அவருடைய அண்ணன் தினமும் இரவு ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் படுத்துவிடுவார், வேலைக்கும் தவறுவதில்லை. காலையில் கை நடுங்குவதால் அக்கா அவருக்கு அரை டம்ளர் டீதான் ஊற்றுகிறார். இருவரில் யார் குடிநோயாளி? வெள்ளிக்கிழமை இருவருக்கும் குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டப்போகிறோம்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருவருக்குமே சிகிச்சை தேவைப்படும், அம்மா. ஆனால் வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது, நீங்கள் சாது என்று நினைக்கும் அண்ணனைப் பற்றித்தான்.

180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது தினமும் மூளையை அமுக்குகிறது. அதை ஈடுகட்ட மூளை முறுக்கேறியே பழகிவிடுகிறது. காலையில் டம்ளர் ஆடுவது அந்த முறுக்கினால்தான். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் கூடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிரே போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது.

கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. அந்த நம்பிக்கை பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதற்கு முன் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, பத்திரமாக நிறுத்த வைப்பார்கள்.

உங்கள் கணவருடையது வேறு வகை. இப்படி விட்டுவிட்டு மூழ்குகிறவர்களுக்கு, ஆய்வாளர் ஜெல்லினெக் 1960-இல் ‘எப்சிலான்’ என்று தனிப் பெயரே வைத்தார். மாலை போட்டு 41 நாள் இருந்துவிட்டார் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அவருக்கு ஆபத்து முதல் டம்ளரில். போன முறை குடிப்பதற்கு முந்தைய நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள்: தூக்கம் கெட்டதா, கடன்காரர் வந்தாரா, கையில் மொத்தமாகப் பணம் வந்ததா? அதை அவரோடு உட்கார்ந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

புறப்படும் முன் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே விசாரிக்கலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் அண்ணன் கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.