மன்மோகன் சிங் உண்மையிலேயே பேசாத பிரதமரா, ஊடகங்கள் அப்படிக் காட்டினவா?

2014-ல் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு நிதானமாகக் கேட்க முடிகிறது. எனக்கு அந்த நிதானம் வராது. அப்படிக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நாளிதழில் 22 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். 2014 ஜனவரி 3 அன்று எனக்கு இரவுப் பணி. அன்று பகலில் அவர் டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பதில் சொல்லியிருந்தார். ஊழல், விலைவாசி, ராகுல் காந்தி என்று எதைக் கேட்டபோதும் எழுந்து போகவில்லை. ஏஜென்சி செய்தி நீண்டுகொண்டே வந்தது. எங்கள் முதல் பக்கத்திலோ பாதிக்கு மேல் நகைக்கடை விளம்பரம். மீண்டும் பிரதமராக மாட்டேன் என்றார், மோடி பிரதமரானால் நாட்டுக்குப் பேரழிவு என்றார். தலைப்புக்கு இவை போதும். மிச்சத்தை வெட்டினேன். தற்கால ஊடகங்களைவிட, எதிர்க்கட்சிகளைவிட, வரலாறு தன்னிடம் கனிவாக இருக்கும் என்று அவர் சொன்னதும் அதோடு போனது. இடம் இல்லை என்பது பாதி உண்மைதான். அதைப் படித்துவிட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தோம் என்பது மீதி.

உள்பக்கத்தில் கார்ட்டூன்: வாயில் பூட்டோடு பிரதமர். அதன் வாசகம் நான் எழுதியது. ஒரு மணி நேரம் பேசிய மனிதருக்கு மறுநாள் காலையில் பூட்டு!

உடனே என்னைக் காங்கிரஸ்காரன் என்று எழுத வருவீர்கள். அந்தத் தேர்தலில் நான் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. 2009-ல் ஈழத்தில் நடந்தபோது டெல்லி நடந்துகொண்ட விதத்தை நான் மன்னிக்கவும் இல்லை. 2ஜி வழக்கில் 2017-ல் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது தெரியும். 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும் தெரியும். கேள்வி அதுவல்லவே.

அவர் மேடைப் பேச்சாளர் இல்லை. குரல் எழும்பாது, தொலைக்காட்சிக்கு அது ஒத்துவராது. உள்நாட்டில் அவர் இன்னும் பேசியிருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் வெளிநாட்டுப் பயணங்களில் விமானத்திலேயே நிருபர்களைச் சந்திப்பது அவர் வழக்கம். 2018-ல், பத்திரிகைகளிடம் பேசப் பயந்த பிரதமர் நான் அல்ல என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. 2005-ல் அவர் ஆட்சியில் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து எங்கள் நிருபர்கள் அவருடைய அரசையே தோண்டினார்கள். தோண்டத்தான் வேண்டும், யார் கொடுத்த மண்வெட்டி என்பதை மட்டும் எழுதவில்லை.

இதையெல்லாம் செய்தது “ஊடகம்” என்கிறீர்கள். தலைப்பு வைப்பவனுக்குப் பெயர் கிடையாது. 22 ஆண்டுகளில் ஒருமுறைகூட என் பெயர் அச்சில் வந்ததில்லை. ஓய்வுபெற்றபோது பணிக்கொடையை மூன்று தவணையாகத் தருவதாகச் சொன்னார்கள், மூன்றாவது இன்னும் வரவில்லை. நகைக்கடை விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது.

2024 டிசம்பர் 26 இரவு அவர் இறந்த செய்தி வந்தபோது எல்லாச் சேனல்களிலும் அந்த வரலாற்று வாக்கியம்தான். என் மகன் கைப்பேசியை நீட்டி, “அப்பா, இதைப் பார்த்தீர்களா? எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்!” என்றான். கண்ணாடி இல்லை, காலையில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.