பேஸ் கிட்டார்ல தடி ஈ கம்பியை மட்டும் போன் ட்யூனர் (சுருதி பாக்குற ஆப்) ஏன் புடிக்க மாட்டேங்குது?

கிட்டார்ல கோளாறு எதுவும் இல்லங்க. அந்த ஈ கம்பி வெறும் 41.2 ஹெர்ட்ஸ்தான், அவ்ளோ அடி சத்தத்தை போன் மைக் சரியா வாங்காது, அதான் ஆப்ல முள்ளு அங்கயும் இங்கயும் ஆடிக்கிட்டே இருக்கு. 12வது ஃப்ரெட்டோட உலோகப் பட்டைக்கு நேர் மேல கம்பியை விரலால சும்மா தொட்டுக்கிட்டு (அமுக்கிடாதீங்க) மீட்டுன உடனே விரலை எடுத்துடுங்க, மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அது 82.4 ஹெர்ட்ஸ், அதே ஈ தான் ஆனா ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேல, இதை ஆப் டக்குனு புடிச்சுக்கும். மத்த ஏ, டி, ஜி கம்பிக்கும் இதே கததான்.

சுருதி கூடிப்போச்சுன்னா நல்லா கீழ இறக்கிட்டு மறுபடி ஏத்திக்கிட்டு வந்து நிறுத்துங்க, மேலேருந்து இறக்குனபடியே விட்டா வாசிக்க வாசிக்க தளர்ந்துடும்.

யூகுலேலே (குட்டி கிட்டார் மாதிரி நாலு கம்பி வாத்தியம்) வேற மாதிரி. கம்பிங்க ஜி, சி, ஈ, ஏ. இதுல முதல் ஜி, பக்கத்து சி-யை விட சுருதி உயரம், 392 ஹெர்ட்ஸ். நான் பேஸ் பழக்கத்துல அதை ஒரு ஆக்டேவ் கீழ வெச்சுட்டு, கம்பி தொளதொளன்னு கிடக்கேன்னு கடைக்காரரைத் திட்டிட்டு இருந்தேன். அப்புறம் புது நைலான் கம்பி சில நாளைக்கு இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும், அடிக்கடி ஏத்தணும்.