உலக சாம்பியன் பட்டமே வெல்லாத கொரியாவின் லீ யோங் டேவை பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தின் பெரிய தலைகளில் ஒருவராக ஏன் சொல்கிறார்கள்?

கேள்வியில் இருக்கும் கணக்கு சரிதான். உலக சாம்பியன்ஷிப்பில் அவருக்கு வெள்ளி மூன்று: 2007, 2009, 2014. தங்கம் கிடையாது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியவான் அவரை விட எங்கேயோ உயரத்தில் இருக்கிறார்.

இதில் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பதினைந்து வருடமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து போய் ஷட்டில் ஆடுகிற ஒரு கோஷ்டியில் நெட் பக்கம் நிற்கிற ஆள் நான் என்பதுதான். பின்னாலிருந்து எகிறி அடிக்கிறவருக்குத்தான் கைத்தட்டல். முன்னால் நிற்கிறவன் ‘காக்’ என்கிற இறகுப்பந்தைத் தவறவிட்டால் மட்டும்தான் அவன் பெயரே கோர்ட்டில் கேட்கும். அந்த வயிற்றெரிச்சலோடு பார்க்க ஆரம்பித்ததால்தான் லீ யோங் டே என் கண்ணில் பட்டார்.

அவருடைய முதல் பெரிய ஜோடி ஜங் ஜே சுங். லீயை விட ஆறு வயது மூத்தவர், உயரம் 168 செ.மீ. மட்டுமே. லீ 180. உயரமானவர் பின்னால் நின்று அடிப்பார், குள்ளமானவர் முன்னால் ஓடுவார் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். ஜங் பின்வரிசையிலிருந்து இடுப்பளவு எகிறி ஸ்மாஷ் அடிப்பார், அதைப் பார்க்கவே கூட்டம் வரும். ஆனால் அந்தக் காக் எப்படி ஜங்கின் தலைக்கு மேல் அவ்வளவு வாகாக வந்தது என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று அடிகளில் லீ நெட்டருகே ராக்கெட்டை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி நின்று, எதிரணி தட்டையாக அடித்த ஒவ்வொன்றையும் பாதி வழியிலேயே மறித்திருப்பார். தட்டையாக அடிக்க வழியில்லாமல் அவர்கள் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். இலையில் சாப்பாடு பரிமாறியவர் லீ. சாப்பிட்டவர் ஜங்.

தடுப்பாட்டத்திலும் அப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் ஸ்மாஷ் வந்தால் உயரத் தூக்கிவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருப்போம். அவர் அதை நெட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நேராகத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தக் காக்கின் பின்னாலேயே இரண்டு எட்டு முன்னால் வந்துவிடுவார். ஸ்மாஷ் அடித்தவரே தரையில் கால் ஊன்றுவதற்குள் தற்காக்க வேண்டியவராகியிருப்பார்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் இரட்டையரில் ஜங்கும் லீயும் பதக்கத்துக்கு எதிர்பார்க்கப்பட்ட ஜோடி. முதல் சுற்றிலேயே டென்மார்க்கின் லார்ஸ் பாஸ்கே, ஜோனஸ் ராஸ்முசென் ஜோடியிடம் தோற்று வெளியேறினார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தபோது கலப்பு இரட்டையரில் லீ ஹியோ ஜங்கோடு சேர்ந்து தங்கம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது 2005, 2007 உலக சாம்பியன்களான நோவா விதியாந்தோ, லிலியானா நாட்சிர். 21-11, 21-17 என்று ஆட்டம் முடிந்தது. லீயின் இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. ஜெயித்த கையோடு கேமராவைப் பார்த்து அவர் கண் அடித்ததில் கொரியாவே கிறங்கிப் போனது. ‘விங்க் பாய்’ என்ற பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தங்கத்தால் கட்டாய ராணுவ சேவையிலிருந்தும் விலக்கு கிடைத்தது. கொரிய விளையாட்டு வீரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கண் அடிப்பில் எல்லோரும் கவனிக்காமல் விட்டது ஒன்று. கலப்பு இரட்டையரில் பெரும்பாலும் பெண் முன்னால், ஆண் பின்னால். ஆகவே அதே ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தில் அவர் நெட் பக்க ஆள், இன்னொன்றில் பின்வரிசைக்காரர். இடம் மாறினால் கால் பழக்கமே மாறும். எங்கள் கோர்ட்டில் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னால் நான் விழாமல் நிற்பதே பெரிய காரியம்.

உலக சாம்பியன்ஷிப்புக்கு வருவோம், கேள்வி அதுதானே. 2009 போட்டி நம் ஹைதராபாத்தில் நடந்தது. இறுதியில் ஜங், லீ ஒரு பக்கம். சீனாவின் சாய் யூன், ஃபூ ஹாய்ஃபெங் மறுபக்கம். முதல் கேம் 21-18 சீனாவுக்கு. இரண்டாவது 21-16 கொரியாவுக்கு. மூன்றாவது 20-20ஐத் தாண்டி ஒவ்வொரு புள்ளியாக நகர்ந்து, கடைசியில் 28-26 என்று சீனாவுக்குப் போனது. விதிப்படி 30தான் உச்ச வரம்பு, அதற்கு இரண்டே புள்ளி பாக்கி. இதில் தோற்றவரை ‘பட்டம் வெல்லத் தெரியாதவர்’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியும் அதே ரகம். மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகென்சென் ஜோடியிடம் மூன்றாவது கேமில் 20-22. அடுத்து மலேசிய ஜோடியை வென்று வெண்கலம் வாங்கினார்கள். அதோடு ஜங் விலகிக்கொண்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கோ சுங் ஹியூன், 2013 இறுதியிலிருந்து யூ யோன் சியோங். புது ஜோடி சூடு பிடிக்கும் நேரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஊக்கமருந்து சோதனைக்காக முன்னணி வீரர்கள் தாங்கள் எந்த நாளில் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். லீக்காக அதைச் செய்யவேண்டிய பொறுப்பு கொரிய பேட்மிண்டன் சங்கத்திடம் இருந்தது. சோதனையாளர்கள் பதிவில் இருந்த இடத்துக்குப் போனபோது ஆள் அங்கே இல்லை. மருந்து எதுவும் எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 2014 ஜனவரியில் லீக்கும் கிம் கி ஜங்குக்கும் ஓராண்டுத் தடை. சொந்த மண்ணில், இஞ்சியோனில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டியே கைவிட்டுப் போயிருக்கும். தவறு சங்கத்தின் நிர்வாகத்தில்தான் என்று ஆன பிறகு ஏப்ரலில் தடை நீங்கியது. சங்கத்துக்கு 40,000 டாலர் அபராதம்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டே யூவோடு உலகின் முதலிடம். இஞ்சியோனில் ஆண்கள் அணிப் பிரிவில் சீனாவை வென்று தங்கம். ஆனால் உலக சாம்பியன்ஷிப் மட்டும் பிடி கொடுக்கவில்லை. கோபன்ஹேகனில் இறுதிவரை போய், அங்கே அவரைத் தோற்கடித்தது யார் தெரியுமா? பழைய ஜோடி கோ சுங் ஹியூன், உடன் ஷின் பேக் சோல். மூன்று கேம், 22-20, 21-23, 21-18. விதி இவ்வளவு குசும்பு செய்யக் கூடாது.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முதல் தரவரிசையோடு போய்க் காலிறுதியில் மலேசியாவின் கோ வி ஷெம், டான் வீ கியோங் ஜோடியிடம் தோற்றார்கள். முதல் கேமை ஜெயித்த பிறகு, கடைசி கேம் 19-21. அந்த அக்டோபரில் கொரிய ஓப்பனை வென்று, அதோடு தேசிய அணியிலிருந்து ஓய்வு. பிறகு நம்மூர் பிரீமியர் பேட்மிண்டன் லீகில் மும்பை அணிக்கு ஆட வந்தார். 2017 இறுதி ஆட்டத்தில் சென்னை அணி மும்பையை 4-3 என்று வென்றது. சென்னை ஜெயித்தும் எனக்கு முழு சந்தோஷம் வராத ஒரே நாள் அது.

2018 மார்ச்சில் ஜங் ஜே சுங் மாரடைப்பில் இறந்தார். வயது 35. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் 2012 ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதி ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். சாய், ஃபூ ஜோடியை அவர்கள் வென்ற ஆட்டம் அது.

தேசிய அணியில் இல்லாத ஆண்கள் 31 வயதாகாமல் சர்வதேசப் போட்டிக்குத் தனியாகப் போகக் கூடாது என்று கொரியாவில் ஒரு விதி இருந்தது. கோவும் ஷின்னும் நீதிமன்றம் போய் 2018இல் வழி திறந்துவிட்டார்கள். லீயும் திரும்பி வந்தார். இந்த முறை ஜோடி, தடைக்காலத்தில் கூடவே மாட்டிக்கொண்ட அதே கிம் கி ஜங். 2020 ஜனவரியில் இருவரும் மலேசியா மாஸ்டர்ஸை வென்றார்கள். இறுதியில் எதிரே நின்றவர்கள் சீனாவின் லீ ஜுன்ஹுய், லியூ யூச்சென். இரண்டு பேருமே நெட்டை மரம் போல உயரம். நேர் கேம்களில் முடித்துவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள்: ஜங், லீ ஹியோ ஜங், கோ, யூ, கிம். யாரோடு சேர்ந்தாலும் அந்த ஜோடி உலக அளவில் ஜெயிக்கிற ஜோடியாக மாறியிருக்கிறது. அவர் பிறந்த ஹ்வாசுன் ஊரில் அவர் பெயரில் ஓர் உள்ளரங்கமே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டியும் நடக்கிறது.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் அந்த ஹைதராபாத் ஆட்டத்தின் மூன்றாவது கேமைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை எப்படியும் ஜங்கைத்தான் பார்ப்பீர்கள், பரவாயில்லை. இரண்டாவது தடவை காக் போகும் திசையை விட்டுவிட்டு லீயின் காலை மட்டும் பாருங்கள்.