வாசகர் கேள்வி – பதில்: மீண்டும் ஒலிவாங்கியின் முன் நின்ற நால்வர்

கேள்வி: கொடைக்கானலில் பல ஆண்டுகள் பணியாற்றித் தாயகம் திரும்பிய அமெரிக்க ஆசிரியர் ஒருவர் என் தந்தையாரிடம் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளில், ‘ஃபயர்சைன் தியேட்டர்’ என்ற குழுவின் நகைச்சுவைத் தட்டும் ஒன்று. முழுவதும் பேச்சும் ஓசைகளும்தான். இவர்கள் முதுமையில் மீண்டும் சேர்ந்து புதிய தட்டுகள் வெளியிட்டும் பழைய வெற்றி கிட்டவில்லை என்கிறான் என் மகன். திறமை வற்றிவிட்டதா?
– வாசகி, பெருமாள்மலை

பதில்: வற்றவில்லை என்பதே என் உறுதியான எண்ணம். பீட்டர் பெர்க்மன், ஃபிலிப் ப்ராக்டர், டேவிட் ஆஸ்மன், ஃபில் ஆஸ்டின் ஆகிய நால்வரும் 1966-இல் லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையம் ஒன்றில் ஒன்றுசேர்ந்தவர்கள். மேலைநாட்டுக் கணக்குப்படி நால்வரும் மேஷம், சிம்மம், தனுசு ஆகிய நெருப்பு ராசிக்காரர்கள். குழுவின் பெயர் அப்படி வந்ததுதான். 1968 முதல் 1971 வரை ஆண்டுக்கொன்றாகக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நான்கு தட்டுகள் அவர்களுடைய புகழை நிலைநாட்டின. அவற்றில் 1970-இல் வந்த மூன்றாவது தட்டில், இரவு நெடுநேரம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர், அலைவரிசைகளை மாற்ற மாற்ற, வெவ்வேறு வயதில் தாம் நடித்த பழைய படங்களில் தம்மையே காண்கிறார். பல தடங்களில் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அந்தக் குரல்கள் ஒரே முறை கேட்பவருக்குப் பிடிபடமாட்டா. அன்றைய கல்லூரி மாணவர்கள் விடுதி அறைகளில் கூடியமர்ந்து, திரும்பத் திரும்ப ஊசியை வைத்துக் கேட்டு, வசனங்களை மனப்பாடமே செய்துவிட்டார்கள். அத்தகைய பொறுமையான கேட்டல் இல்லாவிட்டால் இந்த வகை நகைச்சுவைக்கு வாழ்வில்லை. பின்னாளில் அவர்களுக்குக் கிட்டாமல் போனதும் அதுவே.

எழுபதுகளின் நடுவில் கொலம்பியாவின் ஒப்பந்தம் முடிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்மன் விலகிப் பொது வானொலிப் பணிக்குச் சென்றுவிட, மற்ற மூவரும் ஓரிரு பதிவுகள் செய்தார்கள். முதல் தட்டின் வெள்ளிவிழாவை ஒட்டி 1993-இல் நால்வரும் மீண்டும் மேடையேறியபோது ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது பழைய வசனங்களைக் கேட்கவும், நடிகர்களோடு சேர்ந்து தாங்களும் சொல்லவுமே. முதிய கலைஞனுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை என்று நினைக்கிறேன், ஏனெனில் அந்த அன்பு உண்மையானது. அதே அன்புதான் புதியதற்கு இடம்தர மறுக்கிறது.

இருந்தும் அவர்கள் பழையதைச் சூடேற்றிப் பரிமாறவில்லை. 1998-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட தட்டில், 1999-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஒரு வானொலி நிலையம் தன் நிகழ்ச்சிப் பாணியை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நேயர்களைத் தக்கவைக்க அன்றைய வணிக வானொலி பட்ட பாடு முழுவதும் அதில் இருக்கிறது. அந்தத் தட்டும், 2001-இல் வந்த தட்டும் கிராமி விருதுக்குப் பரிந்துரை பெற்றன, விருது கிட்டவில்லை. 1999-இல் நகைச்சுவைப் பதிவுக்கான கிராமியைப் பெற்றவர்கள் மெல் ப்ரூக்ஸ், கார்ல் ரெய்னர் என்ற மற்றொரு முதிய இணை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கேள்வி கேட்க, இரண்டாயிரம் வயதுக் கிழவராக மற்றவர் பதில் சொல்லும் அவர்களுடைய பழைய பாத்திரம் எளிய அமைப்புடையது. முதல்முறை கேட்பவரும் உடனே சிரித்துவிடலாம். நடிகர்களின் வயது கூடக்கூட அந்தக் கிழவர் மேலும் நம்பும்படி ஆனார். ஃபயர்சைன் குழுவின் கலையோ கேட்பவரிடம் உழைப்பைக் கேட்டது. எனவே தடையை வயதில் தேடுவதைவிட வடிவத்தில் தேடுவதே முறை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2005-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்ததும் அந்த 1970 தட்டைத்தான். 2012-இல் பெர்க்மனும், 2015-இல் ஆஸ்டினும் மறைந்தார்கள். உங்களிடம் உள்ள தட்டு எதுவாயினும், ஒரு முறை கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். மகனோடு மூன்று முறையாவது கேளுங்கள்.

கேள்வி: தமிழில் நகைச்சுவை நாடக கேசட்டுகளால் பெயர்பெற்ற குழுக்களுக்கும் இதே நிலைதானே?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: முழுவதும் அப்படியில்லை. எஸ்.வி.சேகர் குழுவின் நாடக கேசட்டுகள் வீடுதோறும் ஒலித்த காலம் போய்விட்டது உண்மை. ஆனால் நம் குழுக்களுக்கு மேடையே முதன்மை. கேசட் அதன் பதிவு மட்டுமே. 1979-இல் தொடங்கிய கிரேஸி மோகன் குழு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து அரங்கேற்றிய ஒரு நாடகத்தையும் நூற்றுக்கணக்கான முறை நடத்தியது. 2019-இல் அவர் மறைந்த பின்னரும் தம்பி மாது பாலாஜி மேடையை விடவில்லை. கேசட் ஒழிந்தபோது அவர்களுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது.

கேள்வி: எண்பதுகளின் இறுதியில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து மலையூர் வாழ்க்கையை வைத்து நகைச்சுவை கேசட்டுகள் பதிவுசெய்து திருவிழாக்களில் விற்றோம். ஒருவர் காலமாகிவிட்டார். அவர் குரலில் பேசக்கூடிய இளைஞர் ஒருவரைச் சேர்த்து அவற்றையே மீண்டும் பதிவுசெய்ய விரும்புகிறோம். சரிதானா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: முதலில் பழைய கேசட்டுகளைக் காப்பாற்றுங்கள். நம் மலையின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். நாடா சிதைவதோடு, பூஞ்சை கருவிக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒலிப்பதிவுக்கூடத்தில் கொடுத்துச் சுத்தம்செய்து, சுருக்கப்படாத கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த நண்பரின் குரலை இன்னொருவர் போலிசெய்வதை நான் விரும்பவில்லை. அவருடைய இடைவெளியும் இழுப்பும் அந்தப் பழைய நாடாவிலேயே இருக்கின்றன. அவற்றை அப்படியே வெளியிடுங்கள். அந்த இளைஞருக்குச் சொந்தமான ஒரு பாத்திரத்தை எழுதி, இன்றைய வயதில் இன்றைய மலையைப் பேசுங்கள். இ-பாஸ் இல்லாமல் வந்து சோதனைச்சாவடியில் நிற்கும் குடும்பமும், தெருவுக்குள் வரும் காட்டுமாடும், காப்பி விலையைத் தினமும் விசாரிக்கும் பெரியவரும் உங்கள் பழைய கேசட்டில் இருந்திருக்க முடியாது. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் நீள வேண்டாம். பதிவுசெய்யும் முன் உங்களைத் தெரியாத நாலு பேரிடம் படித்துக் காட்டி, எந்த வரியில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கொடைக்கானல் பண்பலையை அணுகிப் பாருங்கள். அதன் ஒலிபரப்பு மலைக்குக் கீழே சமவெளியிலும் வெகுதூரம் கேட்கிறது.