10 மைக்ரோன் துல்லியத்துக்கு மேலதிகக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர்ச் சிகிச்சை முடிந்து, இப்போது கிரவுன் (பல்லை மூடும் உறை) போட வேண்டும். தாடை அசைவையும் கடியையும் கொம்பியூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துச் செய்வதால் 10 மைக்ரோன் வரை துல்லியம் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். அதற்குத் தனியாகக் காசும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு கிரவுனுக்கு மட்டும் என்றால் அந்த மேலதிகக் காசு அநேகமாகத் தேவையில்லை.

10 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. அந்த எண் எதை அளந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது வாய்க்குள் விட்டுப் பல்லைப் படமெடுக்கும் ஸ்கேனரின் கணக்காக இருக்கும், அதுவும் ஒன்றிரண்டு பல்லை ஸ்கேன் பண்ணும்போது. ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் விலகும். ஒரு கடைவாயில் தொடங்கி மற்றக் கடைவாய்க்கு வந்து சேரும்போது விலகல் 100 மைக்ரோனைத் தாண்டுவதும் உண்டு.

அப்புறம் கடி. வாயை மூடிக் கடிக்கச் சொல்லி, கன்னப் பக்கத்தால் ஒரு ஸ்கேன் எடுத்து மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பொருத்துவார்கள். அம்மா அந்த நேரம் இறுக்கிக் கடித்தாரா, சும்மா மூடினாரா என்பதைப் பொறுத்து விடை மாறும். பல் எலும்பில் சீமெந்து போட்டு நட்டது போல நிற்பதில்லை. சுற்றியுள்ள சவ்வில் தாங்கி நிற்கிறது, கடிக்கும்போது சில பத்து மைக்ரோன் அமுங்கும். மென்பொருள் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்: சிவப்பாகத் தெரியும் இடங்களில் மேல் பல் கீழ்ப் பல்லுக்குள் புகுந்து நிற்கும்! வாய்க்குள் அப்படி நடக்க வழியில்லை.

தாடை அசைவுதான் விற்பனையில் பெரிதாகப் பேசப்படுவது. கீழ்ப் பல்லில் உணர் கருவி பொருத்தி, அம்மா தாடையை முன்னும் பக்கமும் அசைப்பதைப் பதிந்தால் அது அவருடைய அசைவு. அப்படி எதுவும் பொருத்தாமல் திரையில் தாடை ஆடினால், தாடை மூட்டின் சரிவு 30 பாகை என்பது போன்ற பொதுச் சராசரியை வைத்து ஆட்டுகிறார்கள். அதில் பிழையில்லை, பல வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் சராசரியைக் காட்டிவிட்டு ‘உங்கள் தாடை’ என்று காசு வாங்குவது சரியில்லை.

வாய் முழுக்கப் பல் கட்டுவது, கடியின் உயரத்தையே மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கு அசைவைப் பதிவது பயன்தரும். ஒற்றைக் கிரவுனில் கடைசித் தீர்ப்பு வாய்க்குள்தான். பல்லை நன்றாக உலர்த்தி, பற்கள் தொடும் இடத்தில் நிறம் வைக்கும் நிறத்தாளைக் கடிக்கவைத்துப் பார்ப்பார்கள்; எச்சில் ஈரமிருந்தால் அடையாளம் ஒழுங்காகப் பதியாது. 200 மைக்ரோன் தடிப்பான தாள், தொடாத இடத்திலும் நிறம் வைத்துவிடும். அதனால் 8 மைக்ரோன் மெல்லிய தாளைக் கடிக்க வைத்து, பற்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றனவா, இழுத்தால் வருகிறதா என்றும் பார்க்கும் டொக்டர் கிடைத்தால் நல்லது.

விறைப்பு ஊசி போட்டிருந்தால் கடி உயரமா என்று அன்றைக்கே அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அந்தப் பல் முதலில் முட்டினால் தள்ளிப்போடாமல் திரும்பப் போங்கள். அந்தத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று காசு கட்டுமுன்பே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.