ஓட்டியவர் பெரிய இடத்துப் பிள்ளை: தண்டப்பணத்தோடு முடிந்துவிடுமா?

கேள்வி: ஓந்தாச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா சைக்கிளில் மீன் விற்பவர். விடியப்புறம் கல்முனை வீதியில் பின்னால் வந்த ஜீப் அடித்து, தொடை எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். ஓட்டியவர் செல்வாக்கான குடும்பத்துப் பெடியன். அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார் என்கிறார்கள். எங்களுக்குப் பேச இடமே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் அந்தத் தவணைக்கு முன்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இப்படியான வழக்குகளில் தண்டனை இலேசாவது பெரும்பாலும் நீதவானிடம் தொடங்குவதில்லை. பொலிஸார் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள் என்பதில் தொடங்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கவனயீனமாக ஓட்டினார் என்று மட்டும் போட்டிருந்தால், ஒப்புக்கொண்ட அன்றே தண்டப்பணத்தோடு எல்லாம் முடியலாம். ஆனால் எலும்பு முறிவு என்பது தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். கவனயீனத்தால் கடுங்காயம் விளைவிப்பது 329ஆம் பிரிவில் வரும். 2 வருடம் வரை சிறை விதிக்க இடமுண்டு. (உயிர் போயிருந்தால் 298ஆம் பிரிவு, 5 வருடம் வரை.) ஆகவே முதலில் உங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்: என்ன பிரிவு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்துவிட்டதா? மழுப்பினால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம். அம்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கும் ஒன்று: வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை.

நொறுங்கிய சைக்கிளைத் திருத்தவோ பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கவோ வேண்டாம். "லைட் இல்லாமல் வந்தார், திடீரென்று குறுக்கே விழுந்தார்" என்ற கதை கட்டாயம் வரும். பின் மட்காட்டில் சிவப்புக் கண்ணாடி இருக்கிறதா, அடி பின்சில்லில்தான் விழுந்ததா என்பதை அந்தச் சைக்கிள்தான் சொல்லும். வீதியோரக் கடைகளின் கமரா பதிவுகளையும் உடனே கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

இனி நீதிமன்றம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரும் சட்டத்தரணி மூலம் தோன்றலாம் என்கிறது. இது பலருக்குத் தெரியாது. எதிரியின் சட்டத்தரணி எழும்பி, நல்ல குடும்பம், முதல் குற்றம், வெளிநாட்டுப் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்வார். அது அவருடைய தொழில். உங்கள் பக்கம் யாருமே இல்லாவிட்டால் நீதவான் காதில் அது மட்டும்தான் விழும். சட்டம் வசதியானவருக்கு வளைகிறது என்று நாம் சொல்வதில் பாதி இந்த வெற்றிடம்தான் என்பது என் எண்ணம். குற்றம் தீர்மானிக்கப்பட்ட பிறகு, தண்டனைக்கு முன், இந்த விபத்து உடலையும் வருமானத்தையும் வாழ்க்கையையும் எப்படிப் பாதித்தது என்று மன்றுக்குச் சொல்லும் உரிமை குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் தரும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்குப் பதிலாக 2023இல் வந்த 10ஆம் இலக்கச் சட்டத்திலும் அது உண்டு. நீட்டி முழக்க வேண்டாம்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மீன் விற்றார், இன்று யார் கைத்தாங்கலில் எழும்புகிறார், வீட்டுக் கடன் எவ்வளவு. அதே மூச்சில், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17(4)ஆம் பிரிவின்படி நட்டஈடும், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாரதி அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

தீர்ப்பு மிகக் குறைவாக வந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாமா என்று சட்டத்தரணியிடம் உடனே பேசுங்கள். மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். வழக்கமாக நீதிமன்றம் தலையிடத் தயங்கும், அதனால் இதையே நம்பி இருக்க வேண்டாம்.

நட்டஈட்டு வழக்கு வேறு. அதை விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். ஜீப்பின் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இதற்கிடையில் அவர்கள் வீட்டாள் ஒருவர் கடித உறையோடு வரக்கூடும். மருந்துச் செலவுக்குத் தந்தால் வாங்குவதில் வெட்கமில்லை. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியுள்ள தாளில் மட்டும் அப்பாவின் கையெழுத்து விழக்கூடாது. எவ்வளவு பெற்றீர்கள், எதற்காக என்று நீங்களே எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.