மைதானத்தில் அடி பதியாத நெற்றிப்பட்டை

கேள்வி: என் மகனும் அவன் நண்பர்களும் லேசர் டேக் (அகச்சிவப்பு ஒளித் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம்) விளையாட நெற்றிப்பட்டை செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் அந்த ஒளியை வாங்கும் டிஎஸ்ஓபி 4838 சென்சார் நான்கு. துப்பாக்கிகள் வேறொருவர் செய்தவை. கூடத்தில் சுட்டால் எல்லா அடியும் பதிகிறது; பகலில் மைதானத்தில் பத்தடி தாண்டினால் பதிவதில்லை. பதிந்தாலும் அதிர்வு மோட்டார் ஓடும்போது சில நேரம் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. சென்சார் மட்டமானதா?

பதில்: சென்சாரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கறுப்புக் குமிழுக்கு வெறும் அகச்சிவப்பு ஒளி போதாது. நொடிக்கு 38 ஆயிரம் முறை எரிந்து அணையும் ஒளி வந்தால்தான் காது கொடுக்கும். 4838-இன் கடைசி இரண்டு இலக்கம் சொல்வது அதைத்தான். ஆனால் சொந்தமாகத் துப்பாக்கி செய்பவர்கள் பலர் பின்பற்றும் மைல்ஸ்டேக் முறையில் அந்த எண் 56. உங்கள் துப்பாக்கியின் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அதுவும் 56 என்றால், பக்கத்திலிருந்து பலமாக வரும் அடி மட்டும் பதியும், தள்ளிப்போனால் பதியாது. டிவி ரிமோட்டைக் காட்டிச் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். ரிமோட்டுகள் பெரும்பாலும் 36 முதல் 40 வரை உள்ளவை, உங்கள் சென்சார் அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் செய்யும்.

பொழுது சாய்ந்தபின் அதே மைதானத்தில், அதே தூரத்தில் சுட்டுப் பாருங்கள். இருட்டிலும் பதியவில்லையென்றால் துப்பாக்கி செய்தவரிடம் எண்ணைக் கேளுங்கள். 56 என்று சொன்னால் 4856 வாங்கி மாற்றுங்கள். இருட்டில் பதிந்தால் கோளாறு வெயிலில். வெயிலிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. அது துடிப்பதில்லைதான், ஆனாலும் சென்சாருக்குள் இரைச்சலைக் கிளப்பும்; அந்த இரைச்சலில் தூரத்து அடி அமுங்கிப்போகும். ஒவ்வொரு சென்சாருக்கும் மேலே, வீட்டு இறவாரம் போல, கறுப்பு அட்டையில் சின்னதாக ஒரு மறைப்பு ஒட்டுங்கள். சுற்றிலும் மூடிக் குழாய் மாதிரி ஆக்கிவிட்டால் பக்கவாட்டு அடி தப்பிவிடும்.

நான்கையும் ஒரே கம்பியில் சேர்த்திருந்தால் அது தப்பில்லை. அடி விழுந்த சென்சார் அந்தக் கம்பியைக் கீழே இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் குழல்விளக்கையோ வெயிலையோ பார்த்து ஓயாமல் உளறினால் மற்ற மூன்றின் பேச்சும் கேட்காது. எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அலுமினியத் தாளால் மூடுங்கள். விரலால் மூடாதீர்கள், அகச்சிவப்பு விரலைத் தாண்டும். சில கறுப்புத் துணிகளும் அப்படித்தான்; இதை நான் ஒரு மாலை முழுக்க வீணடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். அக்கா பிள்ளைகளுக்கு நான் சென்சார் வைத்துத் தைத்த சட்டையில் அரை மணி ஓடியதும் இடது தோள் சென்சார் செத்துவிடும், வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தால் உயிர் வந்துவிடும். மூன்றாம் நாள் ராத்திரி கம்பியை விரலால் மெல்ல மடக்கிக்கொண்டே வந்தேன். ஈயம் பற்றவைத்த இடத்துக்கு ஒரு நகம் தள்ளி கம்பி துவண்டது. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழை அத்தனையும் அறுந்திருந்தது. ஈயம் இழைகளுக்குள் ஏறி இறுகிவிட்டால் அது முடிகிற இடத்தில்தான் ஒடியும். அப்போதிருந்து பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் கம்பியை ஒரு வளையம் விட்டு, துணியோடு சேர்த்துத் தைத்துவிடுகிறேன்.

மோட்டார் சங்கதி எளிது. அது கிளம்பும்போது மின்னழுத்தம் சரிகிறது, ஆட்டத்தை நடத்தும் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் மயங்கி விழுந்து எழுகிறது. மோட்டாரை டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுங்கள், முடிந்தால் தனி பேட்டரி. அப்புறம் சென்சாருக்கு மின்சாரம் வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், சென்சாரின் காலருகே 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

கேள்வி: சென்சார் நெற்றியில்தான் இருக்கிறது, எல்லோரும் முகத்தைப் பார்த்தே சுடுகிறார்கள். கண்ணுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: பெயரில்தான் லேசர். இத்தகைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருப்பது அகச்சிவப்பு எல்இடி. விளையாடும் தூரத்தில், கண நேரத் துடிப்பில் பயமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தானாக மூடாது, கண் பாப்பாவும் சுருங்காது. துப்பாக்கிக் குழாயைக் கண்ணோடு வைத்து எட்டிப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். எரிகிறதா என்று தெரிய வேண்டுமானால் போன் கேமராவைக் காட்டுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிறிய ஊதாவாகத் தெரியும். தூரம் கூடட்டும் என்று எல்இடியை எடுத்துவிட்டு நிஜ லேசரை மட்டும் பொருத்தவே பொருத்தாதீர்கள்.